முதலில் தேய்கிற கீ

எந்த கீபோர்டாக இருந்தாலும் முதலில் தேய்வது அரைப்புள்ளி இருக்கிற கீதான். பாமினியில் தமிழ் அடிப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஆங்கிலத்துக்கு அரைப்புள்ளி இருக்கும் இடத்தில்தான் எங்களுக்குப் புள்ளி இருக்கிறது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து கீயை அடித்தால் திரையில் ‘தமிழ்’ என்று விழும். மெய்யெழுத்து வரும் ஒவ்வொரு முறையும் வலது கைச் சுண்டுவிரல் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். முதலில் அச்சு அழியும், பிறகு கீ வழவழப்பாகும், கடைசியில் ஒரு பக்கமாகச் சாயும். 22 வருடங்களில் நான் அப்படிச் சாய்த்த கீபோர்டுகள் எத்தனையோ. அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.

ப்ளஸ் டூ முடித்ததும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். பாஸான பெண்களும் ஃபெயிலான பெண்களும் கல்யாணம் ஆகும்வரை வந்து உட்காரும் இடம் அப்போது அதுதான். வீட்டில் கேள்வி கேட்காமல் ஒரு மணி நேரம் வெளியே விட்ட இடமும் அதுதான். தமிழ் லோயர், ஹையர், ஆங்கில லோயர் என்று மூன்று சர்ட்டிபிகேட் வாங்கினேன். 2003இல் செங்கல்பட்டில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கருமாதிக் கார்டு, பிறகு மெதுமெதுவாகப் புத்தகங்கள். பேஜ்மேக்கர்தான் எங்களுக்கு எல்லாம். அதற்கு யூனிகோடு தெரியாது, எங்களுக்கும் அப்போது தெரியாது.

அச்சகத்துக்கு இன்னொரு கூட்டமும் வரும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள் என்பதால், சனிக்கிழமை மாலையில் மனு அடிக்கப் பெண்கள் வருவார்கள். முதியோர் பென்ஷன், பட்டா, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம். சில சமயம் புருஷன் மேல் புகார். அந்த மனுக்களை அடிக்கும்போது அவர்கள் என் ஸ்டூலுக்குப் பின்னால் நின்று காதருகில் சொல்வார்கள். போகும்போது, “அடிச்சது அதுல இருக்குமாக்கா? அழிச்சிடுங்க” என்பார்கள். அழித்துவிடுவேன்.

ஒருமுறை அழிக்க மறந்துவிட்டேன். அன்று கரண்ட் போய் வந்தது, அவசரத்தில் வேறொரு பத்திரிகை வேலை வந்தது, ஃபைல் டெஸ்க்டாப்பிலேயே கிடந்தது. மெஷின் ஓனருடையது. ஃபைலின் பெயரில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. அவள் கணவர் அவருக்குத் தெரிந்தவர். மனு கலெக்டர் ஆபீசுக்குப் போவதற்கு முன்பே அந்த வீட்டுக்குப் போய்விட்டது. அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு இரண்டு முறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என்னைத் தெரியாதவள் போலப் போனாள். ஓனரிடம் கேட்டதற்கு, “என் சிஸ்டத்துல இருக்கறத நான் பாக்கக் கூடாதாம்மா?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சிஸ்டம்தான்.

2025 ஜூலையில் அவர் கூப்பிட்டுச் சொன்னார். “கம்போசிங் செக்‌ஷன மூடறேம்மா. வாடகை கட்டுப்படியாகல. உங்களுக்கு வேல நிக்காது. வீட்லயே அடிச்சு மெயில்ல அனுப்பிடுங்க, பக்கத்துக்கு இவ்வளவுன்னு போட்டுக்கலாம்.”

மாதம் 11,000 ரூபாய்ச் சம்பளம் ஒரே வாக்கியத்தில் பக்கக் கூலியாக மாறியது. மெஷின், கரண்ட், நாற்காலி, இன்டர்நெட் எல்லாம் அவர் கணக்கிலிருந்து என் கணக்குக்கு வந்தன. எனக்கு இது புதிதல்ல. குடியாத்தத்தில் என் அம்மா பீடி சுற்றினார். இலையும் தூளும் எடைபோட்டுக் கொடுப்பார்கள். முறம், கத்தரி, விளக்கு, திண்ணை, மடி எல்லாம் அம்மாவுடையது. சரியில்லை என்று கழித்துப்போடும் பீடிக்குக் கூலி கிடையாது. மடிக்கணினி என்ற சொல்லை அடிக்கும்போதெல்லாம் அம்மாவின் மடியில் இருந்த அந்த முறம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

ஆனாலும் பொய் சொல்லக் கூடாது. அவர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, ஆசை. யாரும் திறந்து பார்க்க முடியாத ஒரு மெஷின்.

பணம் இருந்தது. தெருவில் 20 பேர் சேர்ந்து மாதம் 1,500 கட்டும் ஏலச்சீட்டு. 2023 செப்டம்பரிலிருந்து வந்துகொண்டிருக்கும் உரிமைத்தொகை 1,000, சம்பளத்தில் 500. இந்தக் கணக்கில்தான் கட்டினேன். பதினைந்தாவது மாதம் எடுத்ததில் தள்ளு போக 26,500 கைக்கு வந்தது. வருவதற்கு முன்பே அந்தப் பணத்துக்கு வீட்டில் மூன்று பெயர் வைத்திருந்தார்கள். கணவருக்கு லோடு ஆட்டோவின் எஃப்சி. மகனுக்கு பைக்கின் முன்பணம். மாமியாருக்கு அடகிலிருக்கும் கம்மல். நாலாவதாக நான் ஒரு பெயர் சொன்னேன்.

“லேப்டாப்பா? அதான் வீட்ல ஒண்ணு கெடக்கே” என்றார் அவர். கிடந்தது உண்மை. 2011இல் ஜெயலலிதா அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் மகனுக்குப் பள்ளியில் கொடுத்தது. அவன் கீழே போட்டதில் மூடியின் கீல் உடைந்து, சுவரில் சாய்த்து வைத்தால் மட்டும் நிற்கும். அந்தத் திட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கும் சமமாகத்தான் கொடுத்தார்கள். வாங்கி வந்த லேப்டாப் அண்ணன் மேஜைக்குப் போன வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். தையல் மெஷின் வாங்குகிறேன் என்று சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சு வந்திருக்காது. அது பெண் உட்கார்ந்தாலும் வீட்டுச் சாமான்தான், அடுப்பு மாதிரி. லேப்டாப் அப்படி இல்லை. அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் என்ன செய்கிறாள் என்று தள்ளி நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. வேலை நின்றால் மாதம் எவ்வளவு குறையும் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். மூன்றாம் நாள் மகன், “சரி, நான் கூட்டிட்டுப் போறேம்மா” என்றான்.

முதலில் போனது ஒரு பெரிய ஷோரூம். புதிது, 14 அங்குலம், 28,990. பளபளப்பாக இருந்தது. உள்ளே செலரான் பிராசஸர், 4 ஜிபி ராம். பிறகு கூட்டிக்கொள்ள இடமில்லை, போர்டிலேயே ஒட்டி வரும் ராம். கீயைத் தொட்டால் பலகையில் அடிப்பது போலிருந்தது. விற்பனைப் பையன் “நோ காஸ்ட் ஈஎம்ஐ இருக்கு” என்றான். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ரொக்கத்துக்குத் தருகிற தள்ளுபடி அதில் கிடையாது. பிராசஸிங் கட்டணம் தனி, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இதில் காஸ்ட் எங்கே இல்லை என்று எனக்குப் புரியவில்லை. அடுத்து சம்பளச் சீட்டு கேட்டான். எனக்கு 22 வருடமும் சம்பளம் கவரில்தான் வந்தது. “அப்ப சாரோட டாக்குமெண்ட்ஸ் போட்டுக்கலாம்” என்றான். சார் அங்கே இல்லை. கடனைக் கட்டப்போகிறவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு ரிச்சி தெரு. அங்கே அன்று பாதிக் கடைகள் மூடியிருக்கும் என்று தெரியாமல் போனோம். திறந்திருந்த நாலைந்து கடைகளிலும் ஒரே நாடகம். “சொல்லுங்க பிரதர், கேமிங்கா, ஆபீஸ் யூசா?” அவன், “எங்கம்மாவுக்கு” என்பான். உடனே விலை இறங்கும், சாமானும் இறங்கும். “அம்மாவுக்குன்னா இது போதும் பிரதர். யூடியூப், சீரியல்லாம் சூப்பரா ஓடும்.” 12,500க்கு ஒன்றை எடுத்து நீட்டினார்கள். நான் கீபோர்டில் கை வைத்தால் அவர்கள் திரையை மகன் பக்கம் திருப்புவார்கள். மகனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் பேசுவதை நிறுத்தவில்லை.

இரண்டாவது முறை ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். என்னோடு ஹையர் எழுதிய ஒருத்தி இப்போது ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிறாள். அவளை அழைத்துக்கொண்டேன். எழும்பூரில் இறங்கி, டிக்கெட் இல்லாத பஸ்ஸில் மவுண்ட் ரோடு. போகிற வழியில் அவள் பாடம் எடுத்தாள்.

அவள் சொன்னதை இங்கே எழுதிவைப்பது கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு உதவும். இதே பணத்தில் புதிதைவிட, கம்பெனிகள் மூன்று நாலு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற பழைய ஆபீஸ் லேப்டாப் பலமானது. கீல், கீபோர்டு, உடம்பு எல்லாம் தினமும் எட்டு மணி நேர உழைப்புக்குச் செய்தவை. ஆனால் ‘ஐ5’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஐ5க்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். 6300 என்று தொடங்கினால் அது ஆறாம் தலைமுறை, 8350 என்றால் எட்டாம் தலைமுறை. பத்துக்கு மேல் போனால் முதல் இரண்டு எண். இதில் என்ன இருக்கிறது என்றால், விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11ஐ முறைப்படி போட இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். நாங்கள் போனது செப்டம்பர் கடைசி. தெரு முழுக்க ஆறாம் தலைமுறை மலிந்து கிடந்ததற்குக் காரணம் அதுதான். எனக்கு 12,500க்கு நீட்டியதும் ஆறாம் தலைமுறைதான்.

ராம் குறைந்தது 8 ஜிபி, கூட்டிக்கொள்ள காலி ஸ்லாட் இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி. 256 போதும், படங்களை பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். நோட்பேடைத் திறந்து எல்லா கீயையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்க வேண்டும். திரையை முழு வெள்ளையாக்கிக் கறுப்புப் புள்ளி, மஞ்சள் திட்டு தேட வேண்டும். கமாண்ட் விண்டோவில் ஒரு வரி அடித்தால் பேட்டரி ரிப்போர்ட் வரும். புதிதில் எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று அதில் இருக்கும். அணைத்துப் போடும்போது பயோஸ் பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். பழைய கம்பெனியின் பூட்டு அது, நமக்குத் திறக்காது.

மூன்றாவது கடையில் அது இருந்தது. திங்க்பேட் டி480, எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி. உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டுகிற மாதிரி இன்னொன்று. மேஜையில் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். “அது வேணாங்கா, ஜெர்மன் கீபோர்டு” என்றான் பையன். வெளிநாட்டு ஆபீஸிலிருந்து வந்த சரக்கு. ஒய் இருக்கும் இடத்தில் இசட், இசட் இருக்கும் இடத்தில் ஒய் என்று அச்சு. எங்கள் அரைப்புள்ளி இடத்தில், தலையில் இரண்டு புள்ளி வைத்த ஓ. யாரும் வாங்குவதில்லையாம். ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தால் உரிந்துவிடும் என்று திருப்பிக் கொண்டுவருகிறார்களாம்.

நான் சிரித்துவிட்டேன். இந்த வேலையில் நான் ஒருநாளும் கீயைப் பார்த்து அடித்ததில்லை. எந்த கீபோர்டிலும் தமிழ் அச்சடித்து வந்ததும் இல்லை. கீயின் மேல் ஆங்கிலம் இருந்தால் என்ன, ஜெர்மன் இருந்தால் என்ன? விண்டோஸில் கீபோர்டை அமெரிக்க அமைப்புக்கு மாற்றினால் என் விரல் போகும் இடத்தில் என் எழுத்து இருக்கும். தோழி அங்கேயே தமிழ் டைப்பிங்குக்கான இலவச மென்பொருளை இறக்கிப் போட்டாள். பாமினி விரலிலேயே யூனிகோடு விழும். உட்கார்ந்து, அன்று காலை வந்திருந்த ஒரு புத்தகத்தின் முன்னுரையை ஞாபகத்திலிருந்து அடித்தேன். கீ நன்றாக இறங்கி ஏறியது. பழைய ரெமிங்டனின் எடை இல்லை, ஆனால் அடித்தோம் என்று விரலுக்குத் தெரிந்தது. புள்ளிக் கீயை மட்டும் ஐம்பது முறை தனியாக அடித்தேன். இடது ஷிஃப்ட் கீதான் குட்டை, பக்கத்தில் ஓர் உபரிக் கீ. சுண்டுவிரலுக்கு அது பழக ஒரு வாரம் ஆகும் என்று தோன்றியது. பத்து நாள் ஆனது.

“யாரும் வாங்கறதில்லன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க” என்று ஆரம்பித்தாள் தோழி. 23,000 சொன்னது 20,000க்கு வந்தது. மூன்று மாத வாரன்டி எழுதி வாங்கினோம். “பில் யார் பேர்லக்கா, சார் பேரு சொல்லுங்க” என்று பேனாவை எடுத்தான். என் பெயரைச் சொன்னேன். இனிஷியலோடு எழுதச் சொன்னேன். 1,800க்கு இன்னொரு 8 ஜிபி ராம், 350க்கு ஒரு மவுஸ். மிச்சம் 4,350. அதில் 3,000 கம்மலை மீட்கப் போனது. மாமியார் அதன்பிறகு லேப்டாப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டில் சண்டை வந்தது விலையால் அல்ல, பாஸ்வேர்டால். முதல் வாரத்திலேயே மகளுக்கு ப்ராஜெக்ட், மகனுக்குப் படம், கொழுந்தனார் மகனுக்கு ரெஸ்யூம். மகளுக்குத் தனியாக ஒரு யூசர் அக்கவுன்ட் போட்டுக் கொடுத்தேன். ப்ளஸ் ஒன் படிக்கிறாள், அவளுக்கு வேண்டும். என் அக்கவுன்டுக்கு மட்டும் பாஸ்வேர்டு வைத்தேன், யாருக்கும் சொல்லவில்லை.

“வீட்ல எல்லாரும் திருடங்களா?” என்றான் மகன். அவர் எதுவும் கேட்கவில்லை. சாப்பிடும்போது மட்டும், “ஃபோன் லாக் நம்பர்லாம் உனக்குத் தெரியும், நான் எதையாவது மறைச்சேனா?” என்றார். அது நியாயமான கேள்விதான். அச்சகத்தில் நடந்ததை அன்றுதான் முதல்முறையாக அவரிடம் சொன்னேன். எந்தப் பெண் என்று கேட்டார். சொல்லவில்லை. “எனக்குத் தெரிஞ்ச ஆளா?” என்றார். அதற்கும் பதில் சொல்லவில்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டார். அதை ஒத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை தெரியவில்லை. பாஸ்வேர்டு இருக்கிறது.

பக்கக் கூலியும் இன்னும் தீரவில்லை. மூன்று மாதக் கரண்ட் பில்லையும் இன்டர்நெட் பில்லையும் படம் எடுத்து அனுப்பி, பக்கத்துக்கு 4 ரூபாய் கூட்டிக் கேட்டேன். “மெஷின் உங்களுதுதானேம்மா” என்றார் ஓனர். “அதுக்குத்தாண்ணே கேக்கறேன்” என்றேன். 2 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு இரண்டு பதிப்பகங்களுக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். ஒன்றிலிருந்து ஒரு புத்தகம் வந்தது.

மனுப் பெண்கள் இப்போது வீட்டுக்கு வருகிறார்கள். சமையல்கட்டை ஒட்டி ஒரு சின்ன மேஜை, திரை சுவர்ப்பக்கம் பார்த்திருக்கும். அவர்களுக்கு முன்போல் பின்னால் நிற்க இடமில்லை, பக்கத்தில் மோடாவில் உட்கார்ந்து சொல்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் வந்தாள், இருபத்தைந்து இருக்கும். நகை, அடி, அவள் மாமனார் என்று மூன்று பக்கம் வந்தது. ஹாலில் இவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லும் இடங்களில் நிறுத்தி நிறுத்தி, குரலைத் தாழ்த்தித் தாழ்த்திச் சொன்னாள். முடித்ததும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் வேண்டாம், தூரமாக ஒரு கடையில் பிரின்ட் எடுக்கச் சொன்னேன்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, “அதுல அழிச்சிட்டீங்களாக்கா?” என்று கேட்டாள்.

“இன்னும் இல்ல. அழிக்கணுமா, வெச்சிருக்கணுமா? நீதான் சொல்லணும்.”

அவள் உள்ளே எட்டி, மூடியிருந்த லேப்டாப்பைப் பார்த்தாள். “வெச்சிருங்க. அவங்க இதக் கிழிச்சாலும் கிழிச்சிடுவாங்க” என்றாள்.